இருவரும் ஒரே அடியில் சாகும்போது: வியூக விளையாட்டுச் சண்டைப் பிழைகளை அறிகுறி வாரியாகப் பிடிக்கும் வழி

கத்திவீரர் இருவர் எதிரெதிரே நிற்கிறார்கள். இருவருக்கும் ஹெல்த் 10, இருவர் அடியும் 10. என்ன நடக்க வேண்டும்? இதற்குப் பதில் சொல்லாமலேயே பெரும்பாலான சண்டை நிரல்கள் எழுதப்பட்டுவிடுகின்றன. லூப் (வீரர்களை ஒருவர்பின் ஒருவராகச் சுற்றிவரும் நிரல் பகுதி) எந்த வரிசையில் ஓடுகிறதோ அதுவே பதிலாகிவிடுகிறது. ஆட்டம் வெளியான பிறகு புகார்கள் வரும்: நீலப் படைதான் எப்போதும் ஜெயிக்கிறது, செத்தவன் எழுந்து அடிக்கிறான், ஒரே ஆளைக் கொன்றதற்கு இரண்டு பேருக்குக் காசு கிடைத்தது. ஒவ்வொன்றும் வேறு வேறு பிழை போலத் தெரியும். ஆனால் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றே: அடி விழுவதையும் சாவைத் தீர்மானிப்பதையும் ஆளை நீக்குவதையும் ஒரே இடத்தில், ஒரே வரியில் செய்திருப்பார்கள்.

## தொடங்கும் முன்: இது பிழைதானா?

உங்கள் விதி எது என்று முதலில் முடிவு செய்யுங்கள். வெளிவந்த ஆட்டங்களில் நான்கு வழக்கங்கள் புழக்கத்தில் இருக்கின்றன.

வரிசை அடி. தாக்குபவர் முதலில் அடிப்பார். எதிரி பிழைத்தால் மட்டுமே திருப்பி அடிப்பார். அட்வான்ஸ் வார்ஸ் இப்படித்தான்: மிஞ்சிய ஹெல்த்தின் அளவுக்கே பதிலடி. வெஸ்னோத்தில் இருவரும் மாறி மாறி அடிப்பார்கள், ஒருவர் விழுந்ததும் நின்றுவிடும். இந்த முறையில் ஒருவரையொருவர் கொன்றுகொள்ள வழியே இல்லை.

சுற்றுக்கு ஒரு காயம். ஃப்ரீசிவ், சிவிலைசேஷன் 4 இரண்டிலும் ஒவ்வொரு சுற்றிலும் ஒருவருக்கு மட்டுமே காயம் விழும். இதிலும் இருவரும் சாக முடியாது.

ஒரே நேரத்தில் அடி, ஆனால் ஒருவர் தப்புவார். சிவிலைசேஷன் 5-இன் கைகலப்பில் இரு பக்கக் காயமும் ஒன்றாகக் கணக்கிடப்படும். இருவரும் செத்தாக வேண்டிய கணக்கு வந்தால், மொத்தக் காயம் குறைவாக உள்ளவர் 1 ஹெல்த்தோடு பிழைப்பார்.

ஒரே நேரத்தில் அடி, இருவரும் சாவு. ஹார்த்ஸ்டோன் சீட்டாட்டத்தில் இரண்டு மினியன்கள் (களத்தில் இறக்கிய படைவீரச் சீட்டுகள்) மோதினால் இரண்டும் போகலாம். இரண்டு தலைவர்களும் ஒன்றாக விழுந்தால் ஆட்டம் டிரா.

நான்கில் ஒன்றைத் தேர்ந்து, சண்டை நிரலின் தலையிலேயே ஒரு வரிக் குறிப்பாக எழுதிவையுங்கள். கைகலப்புக்கு ஒரு விதி, வில்லுக்கு வேறு விதி என்று இருந்தாலும் பரவாயில்லை, எழுதியிருக்க வேண்டும். எழுதாத விதியை வைத்துக்கொண்டு பிழை தேடினால் குழுவில் இருவர் எதிரெதிர்த் திசையில் திருத்துவார்கள்.

### கையில் இருக்க வேண்டிய இரண்டு கருவிகள்

ஒன்று, கண்ணாடிச் சோதனை. வெற்று வரைபடம், ரேண்டம் (தற்செயல் எண்கள்) முழுவதும் நிறுத்தம், இரு பக்கமும் அச்சு அசலாக ஒரே யூனிட் (களத்தில் சண்டையிடும் ஒரு படைக்காய்). சமச்சீர் விதி என்றால் முடிவு சமமாகத்தான் வந்தாக வேண்டும். ஒரே ஓட்டம் போதும். பிறகு பக்கங்களை மாற்றி இன்னொரு ஓட்டம்.

இரண்டு, சாவு லாக். ஒவ்வொரு அடிக்கும் ஒரு வரி: டிக் (ஆட்டம் ஒரு முறை கணக்குப் போடும் காலத் துண்டு) எண், அடித்தவர் எண், வாங்கியவர் எண், முன் ஹெல்த், பின் ஹெல்த், காரணம். திரையில் தெரியும் அனிமேஷனை நம்பிப் பிழை தேடாதீர்கள். அனிமேஷன் எப்போதும் கணக்குக்குப் பின்னால்தான் ஓடுகிறது.

## அறிகுறி 1: இருவரும் சாக வேண்டும், ஒருவர் மட்டும் சாகிறார்

### பக்கம் மாற்றினாலும் லிஸ்ட்டில் முதலில் இருப்பவரே பிழைக்கிறார்

மிகச் சாதாரணமான காரணம் இது. லூப் முதல் யூனிட்டை எடுக்கிறது, எதிரியின் ஹெல்த்தைக் குறைக்கிறது, பூஜ்யம் என்றதும் நீக்குகிறது. எதிரியின் முறை வரும்போது எதிரியே இல்லை.

ஒரு டிக்கை ஐந்து நடையாகப் பிரியுங்கள்:

1. யார் யாரை எவ்வளவு அடிக்கிறார்கள் என்று சேகரியுங்கள். யாருடைய ஹெல்த்தையும் தொடக் கூடாது.
2. சேர்ந்த அடிகளை எல்லோருக்கும் இறக்குங்கள்.
3. ஹெல்த் பூஜ்யம் அல்லது அதற்குக் கீழே போனவர்களுக்குச் சாவு ஃப்ளாக் (‘செத்தார்’ என்ற குறி) வையுங்கள்.
4. சாவினால் எழும் விளைவுகள்: வெடிப்பு, பரிசு, அனுபவப் புள்ளி.
5. நீக்கம்.

இப்படிப் பிரித்த பிறகும் பிழை நின்றால், முதல் நடையில் ஏதோ ஒன்று ரகசியமாக நிலையை மாற்றுகிறது என்று பொருள். வழக்கமான குற்றவாளி கேடயம். ‘முதல் அடியில் உடையும் கேடயம்’ என்று ஒரு திறன் இருக்கும்; அது சேகரிக்கும்போதே உடைந்துவிடும். இன்னொன்று, தாக்கியவரின் அம்பு எண்ணிக்கையோ மந்திர சக்தியோ குறைவது. தன்னுடையதைக் குறைத்துக்கொள்வதால் கெடுதல் இல்லை. அடுத்தவருடையதைத் தொடுவதுதான் ஆபத்து.

ஒரே ஆள்மேல் மூன்று பேர் அடித்தால் கேடயம் யார் அடியைத் தடுக்கும் என்ற கேள்வியும் இங்கேதான் முளைக்கும். மூன்றையும் கூட்டி, மொத்தத்திலிருந்து கேடயத்தைக் கழிப்பது எளிது, வரிசையைச் சார்ந்ததும் அல்ல. ‘அடி ஒவ்வொன்றிலும் 2 குறையும்’ என்பது போன்ற கவசத்துக்கு மட்டும் தனித்தனியாகக் கழித்துப் பிறகு கூட்டுங்கள்.

### யூனிட்டியில்: ஒரு நாள் இவர், ஒரு நாள் அவர்

யூனிட்டி என்ற ஆட்ட உருவாக்க மென்பொருளில் ஒவ்வொரு வீரனும் தன் அப்டேட் ஃபங்ஷனில் (ஒவ்வொரு ஃபிரேமிலும், அதாவது திரை வரையப்படும் ஒவ்வொரு முறையும், ஓடும் நிரல் பகுதி) தானே அடிக்கிறான் என்றால், ஒரே ஸ்கிரிப்ட் மாட்டிய இரண்டு பொருள்களில் யாருடைய அப்டேட் முதலில் ஓடும் என்பதற்கு யூனிட்டி உத்தரவாதம் தருவதில்லை. பலர் ஸ்கிரிப்ட் எக்ஸிக்யூஷன் ஆர்டர் அமைப்பைத் தேடிப் போவார்கள். அது வேறு வேறு ஸ்கிரிப்ட்களுக்கு இடையே வரிசை வகுக்குமே தவிர, ஒரே ஸ்கிரிப்ட்டின் இரண்டு பிரதிகளுக்கு இடையே அல்ல. வழி ஒன்றே: வீரர்களின் அப்டேட்டிலிருந்து அடியை எடுத்துவிட்டு, சண்டை மேலாளர் ஒருவரே எல்லோருக்கும் ஐந்து நடையையும் ஓட்ட வேண்டும்.

### கோடோவில்: மரத்தில் மேலே உள்ள நோட் பிழைக்கிறது

கோடோ இன்னோர் ஆட்ட உருவாக்க மென்பொருள். ஆட்டப் பொருள்களை (நோட்கள்) கிளைகிளையாக அடுக்கிய காட்சி மரத்தின் வரிசைப்படி அது ஓடும். ஆகவே பிழை நாள்தோறும் மாறாது. எப்போதும் ஒரே பக்கத்துக்கே சாதகம். எந்த நோட் முதலில் ஓடும் என்று சொல்லும் பிராசஸ் பிரையாரிட்டி எண்ணை மாற்றினால் செல்லப்பிள்ளை மாறுவான், அவ்வளவுதான். தீர்வு மேலே சொன்னதே.

### கைகலப்பில் சரி, அம்பில் மட்டும் தவறு

இரண்டு வில்லாளர் ஒரே டிக்கில் எய்கிறார்கள், ஒருவருடைய அம்பு பாதி வழியில் மறைகிறது. அம்பு நோட், வில்லாளரின் பிள்ளை நோட்டாக இருக்கிறதா என்று பாருங்கள். பெற்றவர் நீங்கினால் பிள்ளையும் சேர்ந்தே நீங்கும். யூனிட்டி, கோடோ இரண்டிலும் இதே கதை. அம்புகளுக்கென்று தனியாக ஒரு தாய் நோட் வையுங்கள். எய்த நொடியிலேயே அடியின் அளவு, அணி எண், எய்தவர் எண் மூன்றையும் அம்பிலேயே நகல் எடுத்துவையுங்கள். போய்ச் சேர்ந்த பிறகு எய்தவரைக் கேட்டு அடியைக் கணக்கிட்டால், எய்தவர் செத்திருந்தால் அடி பூஜ்யமாகும் அல்லது ஆட்டமே நொறுங்கும்.

### கண்ணாடிச் சோதனை தேறிவிட்டது, ஆனாலும் நீலம் அதிகம் ஜெயிக்கிறது

ரேண்டமை இயக்கி, திரை இல்லாமல் 1000 ஆட்டம் ஓட்டுங்கள். டிராக்களை ஒதுக்கிவிட்டு, மிஞ்சியவை 1000 ஆகும்வரை தொடருங்கள். நியாயமான ஆட்டத்தில் ஒரு பக்க வெற்றி 500-ஐச் சுற்றி இருக்கும். திட்ட விலக்கம் ஏறக்குறைய 16. எண்ணிக்கை 453-க்கும் 547-க்கும் வெளியே போனால் அதைத் தற்செயல் என்று தள்ளாதீர்கள். 470, 525 போன்றவற்றைத் துரத்தி நேரத்தை வீணாக்கவும் வேண்டாம்.

சாய்வு உறுதியானால் யூனிட் எண்களைப் பாருங்கள். ஆட்டத் தொடக்கத்தில் நீலத்துக்கு 1 முதல் 20, சிவப்புக்கு 21 முதல் 40 என்று கொடுத்திருப்பீர்கள். ‘சமம் வந்தால் சிறிய எண்ணுக்கே’ என்று எங்கோ ஒரு வரி இருக்கும். எண்களை மாற்றி மாற்றிக் கொடுங்கள்: நீலம் 1, சிவப்பு 2, நீலம் 3. இல்லையேல் இரட்டைப்படை டிக்கில் ஏறுவரிசை, ஒற்றைப்படை டிக்கில் இறங்குவரிசை என்று வையுங்கள். இரண்டுமே ரேண்டம் இல்லாதவை, மறுஒளிபரப்பை (ஆடிய ஆட்டத்தை மறுபடி ஓட்டிப் பார்ப்பதை) கெடுக்காது.

இந்த அறிகுறிக்கு வெளியாள் தேவைப்படாது. ஒரே விதிவிலக்கு: சண்டை அமைப்பையே விலைக்கு வாங்கிச் சேர்த்திருக்கிறீர்கள், மூல நிரல் கையில் இல்லை. அப்போது கண்ணாடிச் சோதனையின் லாக்கோடு விற்றவரிடம் கேளுங்கள். உள்ளே கைவைக்க முடியாத பெட்டிக்கு வெளியே ஒட்டுப்போட்டால் அது ஒரு மாதம்கூடத் தாங்காது.

## அறிகுறி 2: செத்தவர் திருப்பி அடிக்கிறார்

வரிசை அடி விதி வைத்திருப்பவர்களின் தலைவலி இது. தாக்கியவர் கொன்றுவிட்டார், ஆனாலும் செத்தவரின் வாள் வந்து விழுகிறது.

எளிய காரணம்: நீக்கச் சொன்னதும் ஆள் நீங்கிவிடுவார் என்று நம்பியது. யூனிட்டியின் டெஸ்ட்ராய், நடந்துகொண்டிருக்கும் அப்டேட் சுற்று முடிந்த பிறகே ஆளை நீக்கும். அதுவரை ‘இல்லை’ என்ற சோதனைக்கு அவர் ‘இருக்கிறேன்’ என்றே பதில் சொல்வார். கோடோவின் க்யூ ஃப்ரீயும் அந்த ஃபிரேம் முடிவில்தான் வேலை செய்யும். ‘உயிர்’ என்று தனியாக ஒரு ஃப்ளாக் வைத்து, அடிக்கும் முன் அதை மட்டும் சோதியுங்கள். பொருள் இருக்கிறதா என்பது நினைவகத்தின் கேள்வி, ஆள் உயிரோடு இருக்கிறாரா என்பது ஆட்டத்தின் கேள்வி.

இதற்குப் பயந்து, உடனே நீக்கும் கட்டளைகளான யூனிட்டியின் டெஸ்ட்ராய் இமீடியட்டுக்கும், கோடோவில் நேரடி ஃப்ரீக்கும் தாவுகிறவர்கள் உண்டு. வேண்டாம். அவரைக் குறிபார்த்திருக்கும் மற்ற பத்துப் பேர் அதே ஃபிரேமில் காற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

அடுத்த காரணம்: அடி அனிமேஷனோடு கட்டப்பட்டிருக்கிறது. வாள் இறங்கும் 12-ஆம் ஃபிரேமில் ஒரு நிகழ்வு அடியை விடுகிறது. ஆள் செத்தாலும் அனிமேஷன் ஓடி முடியும், நிகழ்வும் கிளம்பும். அடியை டிக் கணக்குக்கு மாற்றி, அனிமேஷனை வெறும் காட்சியாக வையுங்கள். அது முடியாவிட்டால் குறைந்தபட்சம் நிகழ்வின் முதல் வரியில் உயிர் ஃப்ளாக்கைச் சோதியுங்கள்.

பிழை அல்லாத காரணம்: பறந்துகொண்டிருக்கும் அம்பு. எய்தவர் செத்த பிறகும் அம்பு போய்த் தைப்பது ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 ஆடியவர்களுக்குப் பழகிய காட்சி. அதை நிறுத்தினால்தான் புகார் வரும்.

## அறிகுறி 3: வேகமான கணினியில் ஒருவர் சாகிறார், மெதுவான கணினியில் இருவரும்

அடியை ஃபிரேமுக்குள் கணக்கிடுகிறீர்கள். வினாடிக்கு 30 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேம் 33 மில்லிவினாடி. 20 மில்லிவினாடி இடைவெளியில் விழும் இரண்டு அடியும் ஒரே ஃபிரேமில் சிக்கிவிடக்கூடும். 144 ஃபிரேமில் ஒரு ஃபிரேம் 7 மில்லிவினாடி. அங்கே முதல் அடி முதல் அடியாகவே விழும். சண்டையை நிலையான டிக்குக்கு மாற்றுங்கள். யூனிட்டியில் ஃபிக்ஸ்டு அப்டேட் இயல்பாக வினாடிக்கு 50, கோடோவில் பிசிக்ஸ் டிக் 60. வியூக ஆட்டத்துக்கு 10 முதல் 20 வரை இருந்தாலே தாராளம்.

டிக்கை நீளமாக்கினால் இரட்டைச் சாவு கூடும் என்பதை மறக்க வேண்டாம். வினாடிக்கு 10 டிக் என்றால் 100 மில்லிவினாடிக்குள் விழுவதெல்லாம் ‘ஒரே நேரம்’. அதோடு, ஒரே யூனிட்டுகள் ஒரே டிக்கில் சண்டை தொடங்கினால் கடைசிவரை தாளம் தப்பாமல் அடித்துக்கொள்ளும். வரிசை வரிசையாக இருவரிருவராக விழுவார்கள். பார்க்க நாடகம் போல இருக்கும். முதல் அடிக்கு முன் 0 முதல் 3 டிக் வரை தாமதம் சேர்த்தால் கலைந்துவிடும். அந்தத் தாமதத்தை ஆட்டத்தின் சீட் என்னும், ரேண்டம் எண்களின் தொடக்க எண்ணிலிருந்தே எடுங்கள்.

## அறிகுறி 4: ஹெல்த் 0 என்று தெரிகிறது, ஆள் நிற்கிறார்

முதலில் ஹெல்த் எந்த வகை எண் என்று பாருங்கள். 64 பிட் தசம எண்ணில் 1.0-லிருந்து 0.1-ஐப் பத்து முறை கழித்தால் பூஜ்யம் வராது, 0.00000000000000014 அளவுக்கு ஒரு துளி மிஞ்சும். திரை அதை 0 என்று காட்டும், நிரல் ‘உயிரோடு’ என்று சொல்லும். ஹெல்த்தை முழு எண்ணாக்குங்கள்; பின்னம் தேவையென்றால் 100 மடங்கில் வைத்து, காட்டும்போது மட்டும் வகுங்கள்.

ஹெல்த் உண்மையிலேயே முழு எண், ஆனாலும் நிற்கிறார் என்றால் குணமாக்கும் திறனைப் பாருங்கள். அடி இறங்கியது, சாவுச் சோதனைக்கு முன் மருத்துவர் 3 கொடுத்துவிட்டார், மைனஸ் 2 ஒன்றாகிவிட்டது. இது விதியா பிழையா என்பது உங்கள் முடிவு. முடிவெடுத்தபின் குணமாக்குவதை இரண்டாம் நடையில் சேருங்கள் அல்லது நான்காம் நடைக்குப் பிறகு தள்ளுங்கள், நடுவில் விடாதீர்கள்.

சிவிலைசேஷன் 5 பாணியில் ஒருவரைக் காப்பாற்றும் விதி வைத்திருந்தால் வேறொரு புகார் வரும்: ‘முன்கணிப்புப் பெட்டி இருவரும் சாவார்கள் என்றது, ஒருவன் 1 ஹெல்த்தில் நிற்கிறான்.’ முன்கணிப்புக்கு ஒரு ஃபங்ஷன், உண்மைச் சண்டைக்கு வேறொன்று என்று இருக்கிறது. இரண்டும் ஒரே ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டும். இரு பக்க மொத்தக் காயமும் சரிசமமாக வந்தால் யார் பிழைப்பார் என்பதையும் அதே இடத்தில் எழுதிவிடுங்கள். தற்காப்பவருக்குக் கொடுத்தால் சச்சரவு குறைவு.

## அறிகுறி 5: ஒரு சாவுக்கு இரண்டு பரிசு

ஒரே டிக்கில் இரண்டு பேர் ஒருவரைக் கொன்றார்கள், இருவருக்கும் முழுப் பரிசும் போனது. அல்லது ‘சாவு’ சிக்னல் இரண்டு முறை கிளம்பியது. அடிக்கும் ஃபங்ஷனுக்குள்ளேயே ‘பூஜ்யத்துக்குக் கீழே போனால் சாவு’ என்று எழுதியிருந்தால் இது நடந்தே தீரும். முதல் அடியில் மைனஸ் 3, இரண்டாம் அடியில் மைனஸ் 13, இரண்டுமே பூஜ்யத்துக்குக் கீழேதான்.

சாவு ஃப்ளாக் ஏற்கெனவே இருந்தால் உடனே திரும்பிவிடும் ஒற்றை வரி இதை நிறுத்தும். ஆனால் அதோடு நிறுத்தினால் பரிசு லிஸ்ட்டில் முதலில் வந்தவருக்கே போகும், அறிகுறி 1 வேறு உடையில் திரும்பி வரும். மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்: அந்த டிக்கில் அதிகம் அடித்தவருக்கு முழுவதும், அடியின் விகிதத்தில் பங்கு, அல்லது அணிக்குப் பரிசு, ஆளுக்கு இல்லை. பங்கிடும்போது மீதி வரும். 10 காசை மூவருக்குப் பிரித்தால் ஒன்று மிஞ்சும். அதை யாருக்கும் தராமல் விடுவதே நல்லது. தர முயன்றால் மறுபடி வரிசைச் சண்டை.

கொன்றவரும் அதே டிக்கில் செத்திருந்தால் அனுபவப் புள்ளி யாருக்கு? பலரும் இதை மறந்து, செத்தவர் லெவல் ஏறி, லெவல் ஏறியதால் ஹெல்த் நிரம்பி, பிணம் எழுந்து நிற்கும் வேடிக்கையை வெளியிட்டுவிடுகிறார்கள். புள்ளி கொடுக்கும் முன் உயிர் ஃப்ளாக்.

செத்த பாம்பை அடிப்பதும் இங்கேயே சேரும். ஹெல்த் 10 உள்ள ஒருவன்மேல் பத்து வில்லாளரும் ஒரே டிக்கில் எய்து ஒன்பது அம்பை வீணாக்குவார்கள். பிழை அல்ல, ஆனால் ஆடுபவருக்கு எரிச்சல். இலக்கு தேரும்போது ‘ஏற்கெனவே வந்துகொண்டிருக்கும் அடி’ என்று ஒரு கணக்கு வைத்தால் மற்றவர்கள் அடுத்த ஆளைப் பார்ப்பார்கள்.

## அறிகுறி 6: ஒரு சாவு அடுத்த சாவைக் கிளப்பி, ஆட்டம் உறைகிறது

### உறைந்து, ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்று விழுகிறது

செத்தால் வெடிக்கும் யூனிட் 40 பேர் வரிசையாக நிற்கிறார்கள். முதல்வரின் சாவு ஃபங்ஷன் இரண்டாமவரை அடிக்கிறது, அந்த அடி இரண்டாமவரின் சாவு ஃபங்ஷனைக் கூப்பிடுகிறது, அது திரும்பி முதல்வரை அடிக்கிறது. முதல்வர் ஏற்கெனவே செத்தவர் என்பதை யாரும் கேட்கவில்லை. ஃபங்ஷன்கள் ஒன்றையொன்று முடிவில்லாமல் கூப்பிட்டு நினைவக அடுக்கு நிரம்பி வழிகிறது; அதுதான் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ.

அலை முறைக்கு மாறுங்கள். அடியால் செத்தவர்கள் அலை 0. அவர்கள் எல்லோருக்கும் ஃப்ளாக் வைத்த பிறகு, எல்லோருடைய வெடிப்பையும் சேகரித்து, ஒன்றாக இறக்குங்கள். அதில் புதிதாகச் செத்தவர்கள் அலை 1. புதியவர் யாரும் இல்லாதபோது முடிந்தது. ஒவ்வொருவரும் ஒரே முறை சாகிறார் என்பதால் அலை தானாகவே அடங்கும். ‘செத்தால் இரண்டு குட்டிகள் பிறக்கும்’ வகைத் திறன் இருந்தால் மட்டும் அடங்காமல் போகலாம். அதற்கு 100 அலை என்று ஒரு வரம்பு வைத்து, தொட்டால் லாக்கில் எழுதச் சொல்லுங்கள்.

### உறையவில்லை, ஆனால் விளைவு ஒவ்வொரு முறையும் வேறு

ஒரே அலையில் செத்தவர்களின் விளைவுகளுக்கு வரிசை வகுக்கவில்லை. ஹார்த்ஸ்டோன், களத்துக்கு வந்த வரிசைப்படி ஓட்டும். மேஜிக் சீட்டாட்டத்தின் விதி வேறு: யாருடைய முறையோ அவருடைய விளைவுகள் முதலில் அடுக்கில் வைக்கப்படும், அதனால் எதிராளியுடையவை முதலில் தீரும். முறை வைத்து ஆடும் ஆட்டத்துக்கு இரண்டில் எதுவும் பொருந்தும். முறை பார்க்காமல் எல்லோரும் ஒன்றாக ஆடும் நேரடி ஆட்டத்துக்கு, முதலில் யூனிட் பிறந்த டிக், பிறகு யூனிட் எண் என்று வரிசைப்படுத்துங்கள். எண்ணின் சாய்வு பற்றி மேலே சொன்னது இங்கும் பொருந்தும்.

### ‘தோழன் செத்தால்’ திறன் சில நேரம் வேலை செய்வதில்லை

இரண்டு சாமியார்கள், இருவருக்கும் ‘தோழன் செத்தால் எதிரிக்கு 3 அடி’. இருவரும் ஒன்றாகச் சாகிறார்கள். ஒருவர் மற்றவரின் சாவைப் பார்த்தாரா? மேஜிக்கில் பார்த்தார் என்றே கணக்கு. களத்தைவிட்டு ஒன்றாகப் போகிறவர்கள் ஒருவரையொருவர் காண்பார்கள். உங்கள் நிரலில் ஒருவருடையது மட்டும் ஓடுகிறது என்றால், நான்காம் நடையும் ஐந்தாம் நடையும் கலந்திருக்கின்றன: விளைவு ஓடும் லூப்பிலேயே நீக்கமும் நடக்கிறது.

லூப்புக்குள் நீக்குவதே தனிக் கேடு. யூனிட்டியின் நிரல்மொழியான சி ஷார்ப்பில் லிஸ்ட்டை ஃபார் ஈச் என்ற லூப்பில் சுற்றிக்கொண்டே நீக்கினால் பிழை எழுப்பி நின்றுவிடும்; அது நல்லது, உடனே தெரிந்துவிடும். எண் வைத்து முன்னோக்கி ஓடும் லூப்பில் நீக்கினால் சத்தமே வராது, அடுத்தவரைத் தாண்டிப் போய்விடும். அருகருகே இருந்து ஒன்றாகச் செத்த இருவரில் இரண்டாமவர் தப்பிப்பது பெரும்பாலும் இதனால்தான். கோடோவின் மொழியான ஜிடிஸ்கிரிப்ட்டிலும் வரிசையைச் சுற்றும்போது நீக்கக் கூடாது. பின்னிருந்து முன்னாக ஓடுங்கள், அல்லது உயிரோடிருப்பவர்களை மட்டும் புதிய லிஸ்ட்டுக்கு மாற்றுங்கள்.

## அறிகுறி 7: கட்டம் பூட்டிக்கொண்டது, அல்லது செத்தவர் நகரைப் பிடித்தார்

கைகலப்பில் வென்றவர் எதிரியின் கட்டத்துக்குள் நகர்வார் என்ற விதி உள்ள ஆட்டங்களில் வரும். இருவரும் செத்தபின் கட்டம் காலியாகத் தெரியும், ஆனால் யாரும் நுழைய முடியாது. தாக்கியவருக்காக முன்பதிவு செய்த கட்டத்தை விடுவிக்க ஆளில்லை. சரியான ஒழுங்கு: சாவு, கட்டம் விடுவிப்பு, முன்பதிவு ரத்து, பிறகு நகர்வு, கடைசியில் நகரைப் பிடித்தல். பிடிக்கும் வரியில் உயிர் ஃப்ளாக்கையும் சோதியுங்கள்.

காவலர் இல்லாத நகருக்கு இரண்டு எதிரிகள் ஒரே டிக்கில் நுழைந்தால்? 1959-இல் வந்த டிப்ளமசி பலகையாட்டத்தின் பழைய தீர்வு இன்றும் நன்றாக ஓடுகிறது: பலம் சமமென்றால் இருவரும் பழைய இடத்திலேயே நிற்பார்கள்.

செத்தவர் விட்டுப்போகும் மிச்சங்களையும் தேடுங்கள்: பனித்திரையில் (காணாத பகுதியை மறைக்கும் திரை) அவர் திறந்துவைத்த பார்வை, எதிரியின் நகர்வைத் தடுக்க அவரைச் சுற்றியிருந்த கட்டுப்பாட்டு எல்லை, வழிதேடும் நிரலின் சேமிப்பு, கப்பலுக்குள் இருந்த படை.

## அறிகுறி 8: இருவரும் ஒழிந்த ஆட்டத்தில் ஒருவர் வென்றதாக வருகிறது

‘ஒன்றாமவர் ஒழிந்தால் இரண்டாமவர் வெற்றி, இல்லையேல், இரண்டாமவர் ஒழிந்தால் ஒன்றாமவர் வெற்றி.’ இந்த இரண்டு வரியைத்தான் தேட வேண்டும். இருவரும் ஒழிந்தால் முதல் வரியே நிறைவேறி இரண்டாமவர் ஜெயிப்பார். ஒருவர் ஒழிந்தாரா என்று கேட்காமல், மிஞ்சியவர் எத்தனை பேர் என்று எண்ணுங்கள்: இரண்டோ அதற்கு மேலோ என்றால் ஆட்டம் தொடரும், ஒன்று என்றால் வெற்றி, பூஜ்யம் என்றால் டிரா. இந்த எண்ணிக்கை டிக்கின் கடைசியில், எல்லா அலையும் அடங்கிய பிறகு, ஒரே ஒரு முறை நடக்க வேண்டும். சாவு சிக்னலில் மாட்டியிருந்தால் முதல் சாவிலேயே ஆட்டம் முடிந்துவிடும்.

இரண்டோ அதற்கு மேலோ என்பதில் கவனம்: மிஞ்சியவர்கள் ஒரே அணியினரா என்றும் பாருங்கள். மூவர் ஆட்டத்தில் இருவர் ஒரே டிக்கில் விழுந்தால் தரவரிசை 1, 2, 2. தரப்புள்ளிக் கணக்கில் டிரா என்றால் ஆளுக்கு 0.5. நாக்அவுட் போட்டியில் டிரா வேலைக்காகாது. மறு ஆட்டமா, மொத்தச் சேதக் கணக்கா என்று போட்டி தொடங்கும் முன்பே அறிவித்துவிட வேண்டும். ஒற்றை ஆள் பயணத்தில் டிரா என்றே ஒன்று வேண்டாம். அந்தக் கட்டத்தின் இலக்கு நிறைவேறியதா என்பதை மட்டும் பாருங்கள்.

தவறான முடிவுகள் ஏற்கெனவே தரவரிசைத் தரவுத்தளத்தில் ஏறிவிட்டன என்றால் நிறுத்துங்கள். ஒரு ஆட்டத்தின் முடிவை மாற்றினால் அதற்குப் பின் அவ்விருவரும் ஆடிய ஒவ்வொரு ஆட்டத்தின் புள்ளியும் மாறும். கையால் திருத்தக் கிளம்பாதீர்கள். காப்பு நகல் எடுத்துவிட்டு, தரவுத்தளம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 9: என் திரையில் இருவரும் செத்தார்கள், அவர் திரையில் ஒருவர் நிற்கிறார்

செலவு மிகுந்த அறிகுறி. எந்த வகை இணைப்பு என்பதைப் பொறுத்து வழி இரண்டாகப் பிரியும்.

### சர்வர் முடிவெடுக்கும் ஆட்டம்

பெரும்பாலும் ஆடுபவரின் கணினி அவசரப்பட்டுச் சாவைக் காட்டியிருக்கும். காயத்தை முன்கூட்டிக் காட்டலாம், சாவைக் காட்டக் கூடாது; சர்வர் சொல்லும்வரை தள்ளாடும் அனிமேஷனை ஓட்டுங்கள். 100 மில்லிவினாடித் தாமதம் அதில் கரைந்துவிடும்.

இன்னொன்று, சர்வர் வந்த வரிசையில் கட்டளைகளை நிறைவேற்றுகிறது. அப்படியென்றால் இணைப்பு வேகமானவரே ஒத்தைக்கு ஒத்தை மோதலில் எப்போதும் முந்துவார். ஒரு டிக்குக்குள் வந்தவற்றையெல்லாம் ஒரே நேரம் வந்ததாகக் கொண்டு ஐந்து நடைக்குள் போடுங்கள்.

### எல்லாக் கணினியும் தனித்தனியாகக் கணக்கிடும் ஆட்டம்

முதல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இந்த வழியில்தான் ஓடியது: கட்டளைகள் மட்டும் பரிமாறப்படும், கணக்கை ஒவ்வொரு கணினியும் தானே போடும், கட்டளை இரண்டு தொடர்புச் சுற்றுகளுக்குப் பிறகு நிறைவேறும். ஒரு துளி பிசகினால் இரு உலகமும் பிரிந்துபோகும். இரட்டைச் சாவுதான் அந்தப் பிசகு முதலில் வெளியே தெரியும் இடம். காரணம் பெரும்பாலும் அதற்கு நூறு டிக் முன்னால் இருக்கும்.

ஒவ்வொரு டிக்கிலும் யூனிட் எண், ஹெல்த், இடம், ரேண்டம் நிலை நான்கையும் சேர்த்து ஒரு செக்சம் (எல்லாவற்றையும் சுருக்கிய ஒற்றை எண்) எடுத்து ஒப்பிடுங்கள். முதலில் வேறுபடும் டிக்கில் இரு பக்க முழு நிலையையும் கோப்பில் கொட்டி, வரிக்கு வரி ஒப்பிடுங்கள். பிறகு இந்த வரிசையில் தேடுங்கள்:

ரேண்டம் முதலில். ரத்தத் துளி, சத்தத்தின் சுருதி, புகையின் அசைவு இவற்றுக்கும் சண்டைக்கும் ஒரே ரேண்டம் என்றால், ஒருவர் கிராபிக்ஸைக் குறைத்த நொடியே எண்கள் விலகும். காட்சிக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று என்று பிரியுங்கள்.

அடுத்து, சுற்றும் வரிசை. லுவா நிரல்மொழியில் பட்டியலைச் சுற்றும் பேர்ஸ் எந்த வரிசைக்கும் உத்தரவாதம் தராது; சி ப்ளஸ் ப்ளஸ்ஸின் அன்ஆர்டர்டு மேப் என்ற பட்டியலின் வரிசை நூலகத்துக்கு நூலகம் மாறும். சி ஷார்ப்பின் டிக்ஷனரி என்ற பட்டியல் ஏமாற்றும்: சேர்த்த வரிசையிலேயே வருவது போல இருக்கும், ஆனால் செத்து நீங்கியவரின் காலி இடத்தில் அடுத்துப் பிறப்பவர் போய் உட்கார்ந்துகொள்வார். ‘சேமித்த ஆட்டத்தைத் திறந்தால் மட்டும்’, ‘துண்டித்து மறுபடி சேர்ந்தவருக்கு மட்டும்’ பிசகுகிறது என்றால் இதுவே காரணம். திறந்தவரிடம் காலி இடங்கள் இல்லாத புது டிக்ஷனரி இருக்கிறது. சண்டை லூப்புக்கு முன் எண்ணால் வரிசைப்படுத்துங்கள், சமம் வரும் இடமெல்லாம் எண்ணையே கடைசித் தீர்ப்பாக்குங்கள்.

கடைசியில் தசம எண். ஒரே நிரல் வேறு வேறு கம்பைலரிலும் செயலியிலும் கடைசி இலக்கத்தில் வேறுபடலாம். சைன், கோசைன் நூலகங்களும் அப்படியே. தூரம் 5.0-க்குள் வந்தால் அடி என்ற சோதனையில் அந்தக் கடைசி இலக்கம் ஓர் உயிரைத் தீர்மானித்துவிடும். பின்னத்தையும் முழு எண்ணாகவே வைக்கும், அதாவது 1-ஐ 65536 என்று வைக்கும், நிலைப்புள்ளி எண்ணுக்கு மாறுவதே வழி. ஹெல்த்தை மட்டும் மாற்றினால் போதாது. இடம், வேகம், கோணம் எல்லாம் மாற வேண்டும்.

முதல் இரண்டு காரணங்களை நீங்களே தீர்க்கலாம். மூன்றாவது என்று உறுதியானால், அல்லது இரண்டு வாரம் தேடியும் முதல் வேறுபாடு எந்த டிக்கில் என்றே சிக்கவில்லை என்றால், இதே வேலையைச் செய்து பழகிய நெட்வொர்க் நிரலாளரைக் கூப்பிடுங்கள். பாதி ஆட்டம் எழுதிய பிறகு எண் வகையை மாற்றுவது கிட்டத்தட்டச் சண்டை அமைப்பையே மறுபடி எழுதுவதற்குச் சமம். செலவைக் கேட்டுக்கொண்டு முடிவெடுங்கள். அவரிடம் ‘சில நேரம் வருகிறது’ என்று மட்டும் சொன்னால் முதல் வாரம் அதைக் கண்டுபிடிப்பதிலேயே போகும். இரு கணினிகளின் பில்டு எண் (ஆட்டப் பதிப்பின் எண்), ஆட்டத்தின் சீட், கட்டளைகள் அடங்கிய மறுஒளிபரப்புக் கோப்பு, வேறுபட்ட டிக்கில் கொட்டிய இரண்டு நிலைக் கோப்புகள் இவ்வளவையும் ஒரே உறையில் போட்டுக் கொடுங்கள்.